2 லட்சம் கிலோமீட்டர் தாண்டின குட்டி யானை: வேலை பாத்து ஓட்டறதா, குடுத்துட்டு வேற எடுக்கறதா?

திருப்பூர்ல தண்ணி கேன் சப்ளை பண்றோம். டாடா ஏஸ் (குட்டி யானை) ஒண்ணு, அசோக் லேலண்ட் தோஸ்த் ஒண்ணு. ஏஸ் மக்கர் பண்ண ஆரம்பிச்சப்ப மெக்கானிக் ஒண்ணு சொன்னாரு, ஷோரூம்ல ஒண்ணு சொன்னாங்க, புரோக்கர் வேற ஒண்ணு சொன்னாரு, மூணு பேர் சொன்னதும் அவங்கவங்க பாக்கெட்டுக்கு ஏத்த மாதிரிதான் இருந்துச்சு. நம்ம பக்கம் நின்னு கணக்கு போட்டு சொல்ல ஆள் இல்ல. அதையெல்லாம் ஒவ்வொண்ணா அலைஞ்சு கத்துக்கிட்டதுதான் கீழ இருக்கு. ஒண்ணு ரெண்டு சின்ன சரக்கு வண்டி வச்சு பொழப்பு நடத்தறவங்களுக்கு எழுதறேன், லாரி வச்சிருக்கறவங்க கணக்கு வேற.

1. எஃப்சி தேதிக்கு மூணு மாசம் முன்னாடி உக்காருங்க

முக்காவாசி பேரு வண்டி ரோட்டுல நின்னப்புறம்தான் யோசிக்கறாங்க. அப்ப கஸ்டமர் போன் மேல போன் அடிப்பாங்க, கையில காசு இருக்காது, மெக்கானிக் சொல்றதுதான் வேதவாக்கு. அந்த நேரத்துல எடுக்கற எந்த முடிவும் உருப்படாது.

முடிவெடுக்க சரியான நேரம் எஃப்சிக்கு, அதாவது வண்டி ரோட்டுல ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சர்டிபிகேட்டுக்கு, முன்னாடி. சரக்கு வண்டிக்கு 8 வயசு வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு தடவ எஃப்சி, அதுக்கப்புறம் வருஷா வருஷம். எஃப்சி வருதுன்னா அது தனியா வராது, டிங்கரிங், பெயிண்டிங், டயர், லைட்டு வயரிங், ஒளிரும் ஸ்டிக்கர், கிரீன் டாக்ஸ் எல்லாம் கூட்டமா வரும், நெறைய பேருக்கு இன்சூரன்ஸும் அதே சமயத்துல வந்து நிக்கும். இவ்வளவும் செலவு பண்ணி எஃப்சி காட்டிட்டு வந்த ரெண்டாம் மாசம் இன்ஜின் போச்சுன்னா அந்த பெயிண்ட் காச யாரும் திருப்பித் தரமாட்டாங்க. அதே மாதிரி விக்கறதுன்னா எஃப்சி உயிரோட இருக்கற வண்டிக்கு ஒரு விலை, செத்த வண்டிக்கு ஒரு விலை. எஃப்சி முடிஞ்ச வண்டிய ஓட்டியும் காட்ட முடியாது, ரோட்டுல ஏத்தி ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் அதையே காரணமா காட்டுவான்.

எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர் போட்டா எஃப்சி, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வந்துரும். செலான் ஏதும் பாக்கி இருக்கான்னு தனியா பாத்துக்கோங்க, பின்னாடி பேர் மாத்தறப்ப அதுதான் கால வாரும்.

எஃப்சி கட்டணமும் வயசோட சேந்து ஏறும். 15 வருஷம் தாண்டினதுக்கு 2022 ஏப்ரல்ல இருந்து பல மடங்கு ஆக்கிட்டாங்க, 2025 கடைசில வந்த மாத்தத்துல 10 வருஷம் தாண்டினாலே வயசு வாரியா கட்டணம். பணம் கட்டறதுக்கு முன்னாடி பரிவாகன் சைட்ல உங்க வண்டி வயசுக்கு எவ்வளவுன்னு பாத்துருங்க, ஏஜென்ட் சொல்றத நம்பி குடுக்காதீங்க.

இங்க ஒரு டகால்டி வேலை நடக்குது, உஷாரா இருங்க. "பத்து வருஷ டீசல் வண்டிய இனிமே ஓட விடமாட்டாங்க, இப்பவே வந்த விலைக்கு குடுத்துருங்க"ன்னு புரோக்கர் பயமுறுத்துவாரு. டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருஷம்னு சொல்ற சட்டம் டெல்லியிலயும் அத சுத்தின பகுதியிலயும்தான். தமிழ்நாட்டுல எஃப்சி பாஸ் ஆகற வரைக்கும் ஏஸ ஓட்டலாம்.

2. ஒரு நோட்டு போடுங்க, ஞாபகத்துல கணக்கு வேண்டாம்

கடைசி 12 மாச பில்லு எல்லாத்தையும் தேடி எடுங்க. பில்லு இல்லாததுக்கு ஜிபே ஹிஸ்டரிய பாருங்க, மெக்கானிக் பேரைப் போட்டு தேடினா மொத்த வரலாறும் வந்துரும், பாத்தா கொஞ்சம் நெஞ்சு வலிக்கும்.

செலவ ரெண்டா பிரிக்கணும். டயர், பேட்டரி, ஆயில், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் இதெல்லாம் தேயற சாமான், புது வண்டி வாங்கினாலும் இதுக்கு காசு போகத்தான் போகும், அதனால பழைய வண்டி மேல இந்தப் பழிய போடாதீங்க. ரெண்டாவது லிஸ்ட்தான் முக்கியம்: ரேடியேட்டர், செல்ஃப் மோட்டார், டைனமோ, பம்ப், கியர் பாக்ஸ், ஹெட் காஸ்கெட், அப்புறம் ஒரே வேலைய ரெண்டாவது தடவ பாத்தது. இந்த லிஸ்ட் மாசத்துக்கு எவ்வளவுன்னு எழுதுங்க.

அடுத்தது வண்டி நின்ன நாள். அன்னிக்கு வாடகை வண்டி எடுத்த காசு, ஆக்டிங் டிரைவர் கூலி, லேட்டா போனதால வேற ஆள்கிட்ட மாறிப்போன கஸ்டமர். எங்க தொழில்ல ஒரு ஹாஸ்டல் கை விட்டுப் போச்சுன்னா அது ஒரு நாள் நஷ்டம் இல்ல, அந்த வருஷ நஷ்டம். மெக்கானிக் எஸ்டிமேட்ல இந்த லைனு இருக்கவே இருக்காது.

மூணாவது டீசல். டேங்க ஃபுல் பண்ணுங்க, ரெண்டு மூணு நாள் வழக்கமான லோடு ஓட்டுங்க, மறுபடி அதே பங்க்ல ஃபுல் பண்ணுங்க, கிலோமீட்டர லிட்டரால வகுங்க. மீட்டர் ஓடலயா? பழைய ஏஸ்ல பாதி வண்டிக்கு கேபிள் அறுந்துதான் கெடக்கும். போன் மேப்ப ஆன் பண்ணி ரூட் தூரத்த குறிச்சுக்கோங்க, போதும்.

3. மொதல்ல சேஸ், அப்புறம்தான் இன்ஜின்

இத தலைகீழா செய்யறவங்கதான் அதிகம். புகை வருது, இழுக்க மாட்டேங்குதுன்னு நேரா இன்ஜின பிரிச்சிருவாங்க. இன்ஜின் எவ்வளவு மோசமா இருந்தாலும் செஞ்சுரலாம், பார்ட்ஸ் கெடைக்கும், ஆள் இருக்கு, ஏஸுக்கு எந்த ஊர்லயும் மெக்கானிக் உண்டு. சேஸ், அதாவது மொத்த வண்டியையும் தாங்கற அடி இரும்புச் சட்டம், போன வண்டிக்கு வைத்தியம் கெடையாது. அதனால சேஸ் தேறலன்னா மீதி எதையும் பாக்காதீங்க, நேரா ஏழாவது ஸ்டெப்புக்கு போயிருங்க.

பாக்கறது எப்படின்னா வண்டிய வாட்டர் சர்வீஸ் விட்டு, காஞ்சப்புறம் ராம்ப்ல ஏத்தச் சொல்லுங்க. ஒரு சின்ன சுத்தியல், ஒரு தடி ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு நீங்களே கீழ போங்க. சேஸ் மேல வரிசையா தட்டிட்டே போனா நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், உள்ள அரிச்ச எடம் வந்தா சத்தம் செத்துப்போகும். சந்தேகப்பட்ட எடத்துல ஸ்க்ரூ டிரைவர வச்சு அழுத்துங்க, செதில் செதிலா உதிர்ந்தா மேல் துரு, சுரண்டி பெயிண்ட் அடிச்சுக்கலாம். முனை உள்ள எறங்குச்சுன்னா முடிஞ்சுது.

முக்கியமா பாக்க வேண்டிய எடம்: பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டற பிராக்கெட், நடுவுல குறுக்க போற கிராஸ் மெம்பர், கேபினுக்கு நேர் பின்னாடி, அப்புறம் லோடு பாடிய சேஸோட பிடிக்கற போல்ட்டு இருக்கற எடம். எங்க வண்டியில கேன்ல இருந்து சொட்டற தண்ணி பாடி தகடு ஜாயின்ட்ல எறங்கி, பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல இருக்கற சந்துல தேங்கி நின்னுருக்கு. வெளிய இருந்து பாத்தா பளபளன்னு இருக்கு, போல்ட்ட லூஸ் பண்ணி பாடிய ரெண்டு இஞ்ச் தூக்கினப்பதான் கீழ பொரை பொரையா செவப்பு தூள் கொட்டுது. எங்களுக்கு மேல் தோல்தான் போயிருந்துச்சு. மீன் வண்டி, ஐஸ் வண்டி ஓட்டறவங்களுக்கு உப்புத் தண்ணிங்கறதால இது இன்னும் சீக்கிரம் வரும், நீங்க கட்டாயம் பாடிய தூக்கிப் பாக்கணும்.

கேபின் தரையில மேட்ட எடுத்துட்டு பெடல்கிட்டயும், பேட்டரி வைக்கற தட்டையும் பாருங்க. இது டிங்கர் வேலையில தீந்துரும், ஆனா காசு எழுதிக்கோங்க.

சேஸ்ல கிராக் இருந்து வெல்டிங் வச்சு ஓட்டலாம்னு யாராச்சும் சொன்னா, எந்த எடத்துல கிராக்குன்னு கேளுங்க. பட்டை பிராக்கெட் பக்கத்துல வெல்டிங் வச்சா அதுக்கு பக்கத்துலயே மறுபடி விடும், ஏன்னா மொத்த லோடும் அங்கதான் உக்காருது. எஃப்சில பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டாலும் கேள்வி வரும்.

லோடு பத்தியும் மனசாட்சியோட யோசிங்க. 20 லிட்டர் கேன் 50 ஏத்தினாலே ஒரு டன். ஏஸுக்கு கம்பெனி சொல்றது முக்கால் டன் அளவுதான். 60 கேன் ஏத்தி பழகினவங்களுக்கு சேஸ் கிராக் திரும்பத் திரும்ப வருதுன்னா, அது வண்டி வயசுனால இல்ல, தொழில் வளந்துருச்சு, ஒரு சைஸ் பெரிய வண்டி வேணும்னு அர்த்தம்.

4. இன்ஜின பிரிக்காம பாக்கறது

காலையில முழுசா ஆறின வண்டிய ஸ்டார்ட் பண்ணி பாருங்க. மெக்கானிக்கோ புரோக்கரோ முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா அன்னிக்கு பாக்காதீங்க.

ஓடிட்டு இருக்கறப்ப ஆயில் ஊத்தற மூடிய தெறங்க. லேசா காத்து வந்தா பரவால்ல, இட்லி குண்டா மூடிய தெறந்த மாதிரி குபுகுபுன்னு புகை அடிச்சா ரிங் பிஸ்டன் தேஞ்சு போச்சு. சைலன்சர்ல நீலப் புகைன்னா ஆயில் எரியுது. கருப்புப் புகைன்னா பயப்படாதீங்க, பாதி நேரம் ஏர் ஃபில்டர், இன்ஜக்டர், பம்ப் செட்டிங்ல தீந்துரும், இதுக்குப் போய் இன்ஜின பிரிக்கச் சொன்னா வேற எடம் பாருங்க. சூடானப்புறமும் விடாம வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டர்ல தண்ணியும் கொறையுது, குமிழியும் வருதுன்னா ஹெட் காஸ்கெட் இல்ல ஹெட் கிராக்.

ஆயில் எவ்வளவு குடிக்குதுன்னு அளந்து பாருங்க. டிப் ஸ்டிக்ல மேல் கோடு வரைக்கும் ஊத்தி, ஆயிரம் கிலோமீட்டர்ல எவ்வளவு எறங்குதுன்னு எழுதுங்க. கால் லிட்டர் அரை லிட்டர்னா வயசான வண்டிக்கு சகஜம், ஊத்திட்டு ஓட்டலாம். ஒரு லிட்டர தாண்டினா நாள் எண்ணிட்டு இருக்குன்னு வச்சுக்கோங்க.

கம்ப்ரஷன் டெஸ்ட் கேஜ் வச்சிருக்கற ஒர்க்‌ஷாப்ல அளந்து தரச் சொல்லுங்க, சில நூறு ரூபா வேலை. ரெண்டு சிலிண்டர் வண்டியில ஒண்ணு மட்டும் நல்லா எறங்கியிருந்தா அந்த சிலிண்டர் பிரச்சனை, ரெண்டும் சேந்து எறங்கியிருந்தா மொத்தமா தேய்மானம். இந்த நம்பர் கையில இருந்தா மெக்கானிக் பேச்சே மாறும்.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புது புகை கட்டுப்பாட்டு விதி) வண்டின்னா கதை வேற. சென்சார், புகை ஃபில்டர்னு நெறைய இருக்கு, ஸ்கேனர் போடாம ஒண்ணும் சொல்ல முடியாது. டவுனுக்குள்ளயே ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி ஆஃப் பண்ணி ஓட்டி ஆஃப் பண்ணி வேலை செய்யற டீசல் வண்டிக்கு ஃபில்டர் அடைக்கறது சாதாரணம், அத இன்ஜின் கோளாறுன்னு சொன்னா நம்பாதீங்க.

5. எஸ்டிமேட் ரெண்டு எடத்துல, எழுத்துல

"நாப்பது அம்பதுல முடிச்சிரலாம்ணா"ங்கறது எஸ்டிமேட் இல்ல. பேப்பர்ல தனித்தனியா வேணும்: என்னென்ன பார்ட்ஸ், கம்பெனி பார்ட்ஸா வேற பிராண்டா, லேத் வேலை எவ்வளவு, லேபர் எவ்வளவு, எத்தன நாள், எத்தன மாசம் கேரண்டி. போர் பண்றாங்களா, லைனர் மாத்தறாங்களா, கிராங்க் கிரைண்டிங் உண்டான்னு கேளுங்க. ஆஃப் இன்ஜின் வேலைன்னு ஆரம்பிச்சு, பிரிச்சு போட்டப்புறம் "கிராங்க்கும் போயிருக்கு, பம்ப்பும் பாத்தர்லாம்"னு ஃபுல் வேலையா முடியறதுதான் ஊர் வழக்கம், அதனால எஸ்டிமேட்டுக்கு மேல கால்வாசி கூட சேத்து வச்சுட்டு முடிவெடுங்க. அந்த கூடுதல் தொகை கையில இல்லன்னா பிரிக்கவே விடாதீங்க, பிரிச்சு போட்ட இன்ஜினோட வண்டி நின்னா அத விக்கவும் முடியாது.

லேத் பட்டறையில வேலை தேங்கிக் கெடக்கும், ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் பக்கத்துல குடுத்தா சொன்ன நாள்ல வராது. நாங்க தோஸ்துக்கு வேலை குடுத்த எடத்துல, லேத்ல இருந்து பிளாக் வர்றதுக்கே சொன்ன தேதிக்கு மேல ரொம்ப இழுத்துட்டாங்க, அந்த நாள் முழுக்க வாடகை வண்டி ஓடுச்சு. தண்ணி யாவாரத்துக்கு வெயில் காலம் சீசன், அதனால மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் பெரிய வேலை எதுவும் வைக்காதீங்க, உங்க சீசன் எப்பவோ அத ஒதுக்கிட்டு மீதி மாசத்துல வைங்க.

பழைய இன்ஜின் வாங்கி மாட்டறது இன்னொரு வழி. சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் பக்கமெல்லாம் கழட்டின இன்ஜின் கெடைக்கும், போர் வேலைய விட சீப்பா, ஒரே நாள்ல மாட்டிரலாம்னு சொல்வாங்க. ஆனா இன்ஜின் நம்பர் மாறுது. பில்லு வாங்கி ஆர்டிஓ ஆபீஸ்ல குடுத்து ஆர்சியில புது நம்பர ஏத்தணும், ஃபைனான்ஸ் இருந்தா அவங்க சம்மதமும் வேணும், இன்சூரன்ஸ்லயும் மாத்தணும். பில்லு இல்லாத இன்ஜின் எந்த வண்டியில இருந்து வந்துச்சுன்னு உங்களுக்கு எப்படி தெரியும்? திருட்டு வண்டி இன்ஜினா இருந்தா ரிப்பேர் செலவோட போகாது. பில்லு, பழைய வண்டியோட ஆர்சி காப்பி ரெண்டும் தர முடியாதுன்னா தொடாதீங்க.

பணம் குடுக்கறப்ப ஒண்ணு. இன்கம் டாக்ஸ்ல செலவு காட்டறவங்க ஒரே நாள்ல ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்த செலவ ஏத்துக்க மாட்டாங்க. பேங்க் மூலமா போடுங்க. ஜிஎஸ்டி வச்சிருந்தா சரக்கு வண்டி ரிப்பேர் பில்லுக்கு இன்புட் (பில்லுல கட்டின ஜிஎஸ்டிய நீங்க கட்ட வேண்டியதுல கழிச்சுக்கறது) எடுக்கலாம், ஜிஎஸ்டி பில்லு கேட்டு வாங்குங்க.

6. கணக்கு: வண்டி விலையோட ஒப்பிடாதீங்க, மாசத்தால வகுங்க

"வண்டியே ஒண்ணே கால் லட்சம்தான் போகும், அதுக்கு போய் 60,000 செலவு பண்ணுவியா?"ன்னு எல்லாரும் கேப்பாங்க. கேக்கறதுக்கு நியாயமா இருக்கும், ஆனா தப்பான கேள்வி. வண்டிய விக்கறதுக்கு இல்ல, ஓட்டறதுக்குத்தான் செலவு பண்றோம். சரியான கேள்வி: இந்த 60,000 எனக்கு எத்தன மாசம் ஓட்டித் தரும்?

ஒரு உதாரணம் போடறேன், உங்க நம்பர நீங்க போட்டுக்கோங்க. மாசம் 1,800 கிலோமீட்டர் ஓடற டீசல் வண்டி. நல்லா இருந்தப்ப 18 மைலேஜ், இப்ப 14. டீசல் 92 ரூபான்னா மாசம் 2,600 ரூபா சும்மா புகையா போகுது. ரெண்டாவது லிஸ்ட் ரிப்பேர் மாசம் 6,000. ஒரு நாள் நிக்குது, வாடகை வண்டி 2,000. ஆக இப்படியே ஓட்டினா மாசம் 10,600.

புதுசு எடுத்தா? 5 லட்சம் லோன், வருஷத்துக்கு 11 சதவீதம், 48 மாசம்னா டியூ கிட்டத்தட்ட 12,900. சர்வீஸ், கூடுதல் இன்சூரன்ஸ் சேத்து 14,500 வச்சுக்கோங்க. நாலு வருஷம் கழிச்சு கையில ஒரு வண்டி மிச்சம் இருக்கும், அது நிஜம், ஆனா டியூ தேதிக்கு அந்த மிச்சம் பணம் கட்டாது.

இன்ஜின் வேலை பாத்தா? 60,000, எதிர்பாராததுக்கு 15,000, ஆக 75,000. சேஸ் நல்லா இருக்கு, 30 மாசம் தைரியமா ஓட்டலாம்னா மாசத்துக்கு 2,500. மைலேஜ் முழுசா திரும்பாது, 17 வருதுன்னு வைங்க, டீசல் நஷ்டம் 550. மத்த ரிப்பேர் 2,500. மொத்தம் 5,550. இதுல போட்டியே இல்ல, வேலை பாத்து ஓட்டுங்க.

அதே வண்டி சேஸ் பாதி போயி இன்னும் 9 மாசம்தான் தாங்கும்னா 75,000ஐ 9-ஆல வகுங்க, மாசம் 8,300க்கு மேல, மத்ததும் சேந்தா 11,000 தாண்டிரும், கடைசியில வண்டியும் காயலான் கடைக்கு. அப்ப மாத்தறதுதான் சரி. முடிவு மொத்தமும் "எத்தன மாசம்"ங்கற அந்த ஒரு நம்பர்ல இருக்கு, அது சேஸ பாத்தாத்தான் தெரியும், அதுக்குத்தான் மூணாவது ஸ்டெப்ப அவ்வளவு நீட்டி எழுதினேன்.

இன்சூரன்ஸ இந்தக் கணக்குல ரொம்ப போட்டு குழப்பாதீங்க. 7,500 கிலோவுக்குள்ள இருக்கற நாலு சக்கர சரக்கு வண்டிக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022-ல வச்ச ரேட்டுப்படி 16,049 ரூபா, ஜிஎஸ்டி தனி. வண்டி புதுசோ பழசோ அது ஒண்ணுதான். புது வண்டிக்கு வண்டி டேமேஜுக்கான பகுதி மட்டும்தான் கூடும்.

7. மாத்தறதுன்னு முடிவாச்சுன்னா

புது வண்டி: 2025 செப்டம்பர் 22-ல இருந்து சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆயிருச்சு. ஏஸ் புரோ பெட்ரோல் அந்த ஜூன்ல வந்தப்பவே எக்ஸ் ஷோரூம் 3.99 லட்சத்துல ஆரம்பிச்சது, அதனால பழைய விலைய மனசுல வச்சுட்டு பயப்படாதீங்க, புது கொட்டேஷன் வாங்குங்க. ஜிஎஸ்டி பதிவு இருந்தா சரக்கு வண்டி வாங்கின ஜிஎஸ்டிய இன்புட்டா எடுக்கலாம், காருக்குத்தான் அது கெடையாது, இத ஷோரூம்ல யாரும் சொல்லமாட்டாங்க, ஆடிட்டர கேளுங்க. இன்புட் எடுத்த தொகைக்கு தேய்மானம் காட்டக்கூடாது, அவ்வளவுதான்.

கொட்டேஷன்ல எக்ஸ் ஷோரூம், ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் இத தவிர "ஹேண்ட்லிங்", "ஃபிட்டிங்ஸ்"னு எது இருந்தாலும் பேனா வச்சு அடிச்சுட்டு பேசுங்க. ஆடி மாசத்துல நம்மாளுங்க வண்டி எடுக்க மாட்டாங்க, ஷோரூம்ல ஈ ஓட்டிட்டு இருப்பாங்க, நம்பிக்கை தடுக்கலன்னா அப்ப போனா நல்லா எறங்கி வருவாங்க. ஆடியில புக் பண்ணி ஆவணியில டெலிவரி எடுக்கறவங்களும் உண்டு. மூடின கன்டெய்னர் பாடி வேணும்னா பாடியோட எடை லோடுல கழியும்ங்கறத மறக்காதீங்க.

மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்ல. "பெர்மிட் எடுத்துத் தர்றேன்"னு ஏஸுக்கு காசு கேட்டா கெளம்பச் சொல்லுங்க. அதுக்கு மேல போற பெரிய பிக்கப்புன்னா பெர்மிட் செலவு சேத்துக்கோங்க.

செகண்ட் ஹேண்ட்: உங்க பழைய வண்டிக்கு செஞ்ச அதே மூணாவது, நாலாவது ஸ்டெப்ப இதுக்கும் செய்யணும். அடியில புதுசா கருப்பு பெயிண்ட் அடிச்சிருந்தா சந்தோஷப்படாதீங்க, ஸ்க்ரூ டிரைவர எடுங்க. சேஸ் நம்பர பென்சில் வச்சு பேப்பர்ல தேச்சு எடுத்து ஆர்சியோட ஒத்துப் பாருங்க. ஆர்சியில ஹெச்பி (வண்டி மேல லோன் இருக்குங்கற பதிவு) இருக்கா, இருந்தா ஃபைனான்ஸ் என்ஓசி (ஆட்சேபணை இல்லன்னு தர்ற லெட்டர்) கையில குடுக்கறாங்களா, செலான் பாக்கி, டாக்ஸ் பாக்கி, பிளாக்லிஸ்ட் எல்லாம் பாத்துட்டுத்தான் அட்வான்ஸ். டியூ கட்டாம சீஸ் பண்ணின வண்டி யார்டு ஏலத்துல சல்லிசா கெடைக்கும், ஆனா ஓட்டிப் பாக்க விடமாட்டாங்க, ஆர்சி வர மாசக்கணக்குல ஆகும், மொத தடவ வாங்கறவங்க அந்தப் பக்கம் போக வேண்டாம்.

8. லோன்

ஆதார், பான், ஓட்டுநர் லைசென்ஸ், வீட்டு கரண்ட் பில்லு, 6 மாச பேங்க் ஸ்டேட்மென்ட், 2 வருஷ ஐடி ரிட்டர்ன், உத்யம் (சிறு தொழில் பதிவு) சர்டிபிகேட், ஜிஎஸ்டி இருந்தா அது, பழைய லோன் ஒழுங்கா கட்டின ஸ்டேட்மென்ட், ஜாமீன்தாரர் ஆதார் பான். உத்யம் ஆன்லைன்ல இலவசம், அதுக்கு காசு கேக்கற சைட்டெல்லாம் ஏமாத்து. ரிட்டர்ன் இல்லாதவங்களுக்கு பேங்க் கெடைக்கறது கஷ்டம், தனியார் ஃபைனான்ஸ்தான் குடுப்பாங்க, வட்டி கூட. பேங்க்ல முத்ரா (சின்ன தொழிலுக்கு அரசு திட்டத்துல தர்ற லோன்) கேட்டுப் பாருங்க, சரக்கு வண்டிக்கு உண்டு, மேனேஜரப் பொறுத்து இழுக்கும்.

பெரிய குழி ஃப்ளாட் வட்டி, அதாவது நீங்க அசல் கட்டக் கட்ட கொறையாம கடைசி வரைக்கும் முழு லோனுக்கும் போடற வட்டி. "7 சதவீதம்தான் சார்"னு சொல்வாங்க. 5 லட்சத்துக்கு 7 ஃப்ளாட்ல 4 வருஷம்னா 1,40,000 வட்டி, டியூ 13,333. மேல சொன்ன 11 சதவீதம் ரெட்யூசிங், அதாவது மீதி இருக்கற அசலுக்கு மட்டும் வட்டி, அதுல டியூ 12,900. ஆக 7ங்கறது 11ஐ விட அதிகம், ரெட்யூசிங்ல பாத்தா பன்னெண்டரைக்கு மேல போகும். வட்டி எத்தனைன்னு கேக்காதீங்க, டியூ எவ்வளவு, எத்தன மாசம், பிராசசிங் ஃபீ எவ்வளவு, முன்கூட்டி கட்டினா என்ன பிடிப்பீங்க, இத மட்டும் கேட்டு எழுதி வாங்குங்க. வெத்து செக், வெத்து ஃபார்ம்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கோங்க.

9. பழைய வண்டிய கை மாத்தறது

பழைய லோன் முடிஞ்சிருந்தும் ஆர்சியில ஹெச்பி அப்படியே இருக்கறது ரொம்ப பேருக்கு விக்கறப்பதான் தெரியும். ஃபைனான்ஸ்ல என்ஓசியும் கையெழுத்து போட்ட ஃபார்ம் 35-ம் வாங்கி ஹெச்பி கேன்சல் பண்ணுங்க. என்ஓசி பழசாயிட்டா மறுபடி அலையணும், கம்பெனி வேற கம்பெனியோட சேந்துருச்சுன்னா இன்னும் அலைச்சல், அதனால இத முதல் வேலையா ஆரம்பிங்க.

விக்கறப்ப பேர் மாத்தற ஃபார்ம் 29, ஃபார்ம் 30, ஆர்சி, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், ரெண்டு பேர் ஆதார் பான். தேதி, வாங்கறவர் பேரு எதுவும் இல்லாம வெத்து ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிட்டு போறதுதான் புரோக்கர் வழக்கம். போட்டுக் குடுக்காதீங்க. பேர் மாறற வரைக்கும் அந்த வண்டி யாரை இடிச்சாலும் நஷ்ட ஈடு கேஸ்ல ஆர்சியில பேர் இருக்கறவர்தான் ஓனர்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. வித்த 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு தெரிவிக்கணும். டெலிவரி நேரம், தேதி, வாங்கறவர் கையெழுத்து, போட்டோ, லைசென்ஸ் காப்பியோட ஒரு டெலிவரி நோட்டு எழுதிக்கோங்க. அஞ்சாயிரம் பத்தாயிரம் பேர் மாத்தற டெபாசிட்டா பிடிச்சு வச்சு, ஆர்சியில பேர் மாறினப்புறம் திருப்பிக் குடுத்தா வேலை தானா நடக்கும்.

சேஸ் போன வண்டிய காயலான் கடையில எடைக்கு போடறதுன்னாலும் ஆர்சிய கேன்சல் பண்ணாம போடாதீங்க, வண்டி இல்லன்னாலும் டாக்ஸ் பாக்கி உங்க பேர்ல ஏறிட்டே இருக்கும், சேஸ் நம்பர வெட்டி எடுத்து வேற வண்டிக்கு ஒட்டறதும் நடக்குது. அரசு பதிவு பெத்த ஸ்கிராப் சென்டர்ல குடுத்தா டெபாசிட் சர்டிபிகேட் தருவாங்க, அத காட்டினா புது வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் கெடையாது. ரெண்டு எடத்துலயும் எடை ரேட் கேட்டுட்டு இந்த மிச்சத்தையும் சேத்து பாருங்க.

கடைசியா ரெண்டு சில்லறை வேலை இருக்கு. இன்சூரன்ஸ்ல க்ளைம் பண்ணாம வந்திருந்தா நோ க்ளைம் போனஸ் உங்களுது, வண்டியோடது இல்ல, வித்த ஆதாரத்த காட்டி லெட்டர் வாங்கி புது வண்டி பாலிசியில கழிச்சுக்கலாம். வண்டிய ஒப்படைக்கற அன்னிக்கே கண்ணாடியில இருக்கற ஃபாஸ்டேக கிழிச்சுட்டு, பேங்க்ல சொல்லி க்ளோஸ் பண்ணுங்க. இல்லன்னா விஜயமங்கலம் டோல்ல வாங்கினவர் போற ஒவ்வொரு தடவையும் உங்க போனுக்கு மெசேஜ் வரும், காசும் உங்களுதுதான் போகும்.